கரையில் பூசிய சிவப்பு

கடற்கரைப் பேரிடர்களைப் பற்றிய மாணவர் திட்ட அறிக்கை எதைத் திறந்தாலும் நடுவில் ஒரே மாதிரியான படம் ஒன்று இருக்கும். வெளிர்நீலத்தில் வங்கக் கடல், கரை நெடுக ஒரு பட்டை, அந்தப் பட்டையில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. சிவப்புக்கு விளக்கம், 'மிக அதிக பாதிப்பு'. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு புவியியல், கடலியல், தொலையுணர்வு, பேரிடர் மேலாண்மைத் துறைகளில் இத்தகைய வேலை பெருகியது. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை அமெரிக்கா 2008இல் கட்டணமில்லாமல் திறந்துவிட்டது. பிறகு ஐரோப்பாவின் சென்டினல் படங்களும் வந்தன. மென்பொருளும் இலவசம். அரசுத் துறைகளால் மட்டுமே முடிந்த வேலையை இன்று நாகப்பட்டினத்து மாணவி ஒருவர் விடுதி அறையில் உட்கார்ந்து செய்துவிடலாம். இது பெரிய மாற்றம். எனக்கு இதில் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தச் சிவப்பு எதைச் சொல்கிறது, அதை நம்பி ஓர் ஊர் எதையாவது செய்ய முடியுமா என்ற கேள்வியை நெறியாளரும் தேர்வாளரும் கேட்பது குறைவு. அதனால் இங்கே கேட்கிறேன்.

சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். இந்த அறிக்கைகளில் பெரும்பாலானவை கையாள்வது 'கடற்கரை பாதிப்புக் குறியீடு' என்ற கணக்கு. 1990களின் தொடக்கத்தில் விவியன் கோர்னிட்ஸ் முன்வைத்தது. 1999இல் அமெரிக்கப் புவியியல் அளவாய்வுத் துறைக்காகத் தீலரும் ஹாமர்-க்ளோஸும் செப்பம் செய்தது. கரையின் நில அமைப்பு, சரிவு, கடல்மட்டம் உயரும் வேகம், கரைக்கோட்டின் நகர்வு, ஓத ஏற்ற இறக்கம், அலை உயரம் ஆகிய ஆறுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும். ஆறையும் பெருக்கி, ஆறால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். கடல்மட்டம் மெல்ல உயர்ந்தால் எந்தக் கரை முதலில் பாதிக்கப்படும் என்று ஒப்பிடுவதற்காக உருவான கணக்கு இது. ஆழிப்பேரலைக்காகவோ புயலுக்காகவோ உருவானதல்ல. நம் அறிக்கைகள் அதை எல்லாப் பேரிடருக்கும் பொருத்துகின்றன.

இதைவிட அடிப்படையான குறை ஒன்று இருக்கிறது. தீலர் முறையில், வந்த விடைகளை வரிசைப்படுத்தி நான்கு சம பங்காகப் பிரித்து, மேல் கால்பங்குக்கு 'மிக அதிகம்' என்று பெயர் வைக்கிறார்கள். எந்தக் கரையை எடுத்தாலும் கால்பங்கு சிவப்பாகத்தான் இருக்கும். கணக்கின் அமைப்பே அப்படி. 'ஆய்வுப் பகுதியில் 25 விழுக்காடு மிக அதிக பாதிப்புக்கு உள்ளாகும்' என்று முடிவுரையில் ஒரு வரி வந்தால் அதைக் கண்டுபிடிப்பு என்று ஏற்க முடியாது. உலகிலேயே பத்திரமான கரைக்கும் இந்த வாய்பாடு அதே கால்பங்குச் சிவப்பைப் பூசும்.

ஒரு மாவட்டத்துக்குள் இந்தக் கணக்கு எவ்வளவு வேறுபாட்டைக் காட்டும் என்பதும் ஐயத்துக்குரியது. நம் கிழக்குக் கரையில் ஓத ஏற்ற இறக்கம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கும். கடல்மட்டப் போக்குக்கு ஒரே ஓர் ஓதமானியின் எண்ணை மாவட்டம் முழுக்கப் போடுகிறார்கள். அலை உயரமும் தரங்கம்பாடிக்கும் வேளாங்கண்ணிக்கும் பெரிதாக மாறுவதில்லை. ஆறில் மூன்று எல்லா இடத்துக்கும் ஒரே எண்ணாகிவிட்டால், எல்லாவற்றையும் ஒரே எண்ணால் பெருக்கிய மாதிரிதான்; வரிசை மாறாது. ஆறு காரணிகளை ஆராய்ந்ததாகச் சொல்லும் அறிக்கை உண்மையில் மூன்றைத்தான் ஆராய்ந்திருக்கிறது.

அந்த மூன்றில் சரிவு, நிலத்தின் உயரத்திலிருந்து வருகிறது. மாணவர்கள் எடுப்பது, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் பதினொரு நாள் சுற்றி ரேடாரில் அளந்த உயரத் தரவு. மலைநாட்டுக்கு அருமையான தரவு. கடற்கரைச் சமவெளிக்கு அப்படியில்லை. அந்த ரேடார் தரையை மட்டும் பார்க்கவில்லை. மரத்தின் தலையையும் கூரையையும் சேர்த்தே பார்த்தது. தாழ்ந்த கரைகளில் அதன் பிழை சில மீட்டர் வரை போகும் என்று பின்வந்த ஆய்வுகள் காட்டிவிட்டன. நாகைக் கரையில் குடியிருப்புகள் பலவும் கடலுக்கு மேலே இருப்பதே சில மீட்டர்தான். பிச்சாவரத்தில் இது இன்னும் மோசம்: அலையாத்திக் காட்டின் உச்சியை ரேடார் மேட்டுநிலமாக எழுதிவைத்திருக்கிறது. அந்தப் படத்தை வைத்து 'அலையாத்தி இருக்கும் இடம் உயரமானது, எனவே பத்திரமானது' என்று ஒரு மாணவர் எழுதினால், ஒரே மரத்தை மரமாகவும் மேடாகவும் அவர் இரண்டு தடவை எண்ணிவிட்டார் என்று பொருள். அறிக்கையைப் படிக்கும் யாருக்கும் அது புலப்படாது.

இவை அளவைக் குறைகள். கவனமுள்ள ஒரு நெறியாளர் இருந்தால் திருத்திவிடலாம். இதைவிட ஆழமான குறை, இந்தப் படங்கள் கடலின் வேகத்தையும் நிலத்தின் தாழ்வையும் வரைந்துவிட்டு, மனிதருக்கு நேர்ந்ததை வரைந்ததாகச் சொல்லிக்கொள்வது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. அலை வந்தது காலையில். கடலுக்குப் போன படகுகள் திரும்பும் நேரம் அது. மீனை வாங்கிப் பிரித்து விற்கப் பெண்கள் கரையில் காத்திருந்தார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் 6000 பேருக்கு மேல் இறந்தார்கள். மறு ஆண்டு ஆக்ஸ்பாம் வெளியிட்ட கணக்கில் கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்களில் பெண்கள் 391, ஆண்கள் 146. ஆழ்கடலில் இருந்த ஆண்கள் பலர் அலை போனதையே உணரவில்லை. அது கரையை நெருங்கும்போதுதான் உயர்ந்தெழும். இதில் எதற்கும் சரிவோ உயரமோ காரணம் சொல்லாது. யார் எந்த நேரத்தில் எங்கே நிற்பார்கள் என்பது ஒரு வரைபடத்தில் ஏறக்கூடிய செய்திதான். காலை எட்டு மணிக்கு ஏலம் நடக்கும் இடம், வலை காயும் இடம், பள்ளிக்கூடம், தண்ணீர்க் குழாய் ஆகியவற்றைக் குறித்து, ஒவ்வொரு வேளையிலும் அங்கே எத்தனை பேர் இருப்பார்கள் என்று எழுத எந்தச் செயற்கைக்கோளும் தேவையில்லை. நான் படித்த அறிக்கைகளில் அப்படி ஒரு படத்தைப் பார்த்த நினைவே இல்லை.

இந்த இடத்தில், மாணவர் வேலை அல்லாத ஓர் ஆய்வைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். மாணவர்களுக்கு அதுவே நல்ல பாடம். பரங்கிப்பேட்டைக் கடல்வாழ் உயிரியல் மையத்தின் கதிரேசன், ராஜேந்திரனோடு சேர்ந்து 2005இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கரையோரம் 18 குக்கிராமங்கள். ஒவ்வொன்றும் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம், முன்னால் எவ்வளவு தாவரப் பரப்பு, எத்தனை பேர் இறந்தார்கள், எவ்வளவு சொத்துப் போயிற்று என்று திரட்டி, அலையாத்தியும் தூரமும் உயரமும் உயிரைக் காத்தன என்று முடிவு சொன்னார்கள். அதே ஆண்டு 'சயன்ஸ்' இதழில் டேனியல்சன் குழுவினர் கடலூர்க் கரையை வைத்து மரங்கள் சேதத்தைக் குறைத்தன என்று எழுதினார்கள். அலையாத்தி நடும் திட்டங்களுக்கு இவை இரண்டும் அடிக்கடி சான்றாகக் காட்டப்பட்டன.

2006இல் கெர், பேர்ட், கேம்ப்பெல் என்ற மூவர், அந்தப் 18 ஊர்களின் அட்டவணையை எடுத்து மறுபடி கணக்கிட்டார்கள். உயிரிழப்பில் ஊருக்கு ஊர் இருந்த வேறுபாட்டில் 87 விழுக்காட்டைத் தூரமும் உயரமும் மட்டுமே விளக்கிவிடுகின்றன. அவற்றுக்கு மேல் தாவரம் கூட்டிச் சொல்வது ஒரு விழுக்காடுகூட இல்லை என்றார்கள். காடு இருக்கும் ஊர்கள் பெரும்பாலும் கடலிலிருந்து தள்ளியும் இருந்தன. காத்தது காடா தூரமா என்று பிரிக்க முடியவில்லை. பிறகு வெர்மாட், தம்பன்யா இருவரும் அதே எண்களை இன்னொரு முறையில் கணக்கிட்டு, அலையாத்திக்குப் பங்கு உண்டு என்று வாதிட்டார்கள். விவாதம் நீண்டது.

என் கணிப்பில் இங்கே யார் வென்றார் என்பது இரண்டாவது கேள்வி. 18 ஊர் என்பது சிறிய எண்ணிக்கை. அதை வைத்துக் காடு காக்கும் என்றோ காக்காது என்றோ அடித்துச் சொல்வது கடினம். கெர் குழுவின் ஐயம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்த ஐயத்தை எழுப்பவே முடிந்தது எதனால்? முதல் கட்டுரை ஊரூராக நடந்து எண்ணியது. எண்ணியதை அட்டவணையாக அச்சிட்டது. தவறென்று காட்டத் தேவையான எல்லாவற்றையும் அதுவே கொடுத்தது. வண்ணப்பட்டை போட்ட ஓர் அறிக்கையை இப்படி மறுக்கவே முடியாது, அதில் மறுக்க ஒன்றும் இல்லை. சிவப்பு தவறு என்று சொல்ல வேண்டுமானால் எந்த ஊரில் எந்த எண் தவறு என்று காட்ட வேண்டும். ஊர்ப் பெயரே அந்தப் படத்தில் இருக்காது.

அடுத்து கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, மன்னார்குடி வரை தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. தாவரப் பசுமைக் குறியீட்டைப் புயலுக்கு முன்னும் பின்னும் எடுத்து, கழித்து, 'இழப்பு' என்று வரைந்த திட்டங்கள் பல. முறை எளிது, படமும் பளிச்சென்று வரும். ஆனால் காவிரி டெல்டாவை அறிந்தவர் அந்தப் படத்தைப் பார்த்ததும் சில கேள்விகள் கேட்பார். நவம்பரில் மேகமில்லாத நாள் எத்தனை? கிடைத்த 'பின்' படம் எந்த மாதத்துடையது? தென்னை விழுந்தாலும் அடியில் புல்லும் ஊடுபயிரும் மழைக்குப் பச்சை கட்டும். மேலிருந்து பார்க்கும் படத்துக்குத் தோப்பு நலமாகத் தெரியும். குருத்து முறுக்கிக்கொண்டு நிற்கும் மரம் சில மாதம் கழித்துத்தான் சாகும். உடனே எடுத்த படத்தில் அது உயிரோடு இருக்கும். தென்னைக்குத் தென்னை 25 அடி இடைவெளி என்பது வழக்கம். லேண்ட்சாட் படத்தின் ஒரு பிக்சல் 30 மீட்டர். அதற்குள் பதினைந்து பதினாறு மரம் அடங்கிவிடும். அரசு இழப்பீடு அறிவித்ததோ மரத்துக்கு 1,100 ரூபாய் என்று. தோப்புக்காரருக்கு எத்தனை மரம் என்பதுதான் கேள்வி. படம் சொல்வது எத்தனை எக்டேர் என்பதை.

வெள்ளம் வரைவதிலும் இதே சிக்கல். ரேடார் படம் மேகத்தைத் துளைத்துப் பார்க்கும், தேங்கிய நீர் கறுப்பாகத் தெரியும்; அதனால் மாணவர்கள் அதை விரும்புகிறார்கள், விரும்புவதும் சரி. ஆனால் கார்த்திகையில் டெல்டா முழுவதும் சம்பா வயலில் தண்ணீர் நிற்கும். நிற்காவிட்டால்தான் கவலை. வேதாரண்யத்து உப்பளப் பாத்திகள் நீரைத் தேக்கவென்றே கட்டியவை. முந்தைய ஆண்டுகளின் அதே மாதப் படங்களை வைத்து வழக்கமான நீரைக் கழிக்காமல் வரைந்த கஜா வெள்ள வரைபடம், நல்ல விவசாய ஆண்டின் படமாகவே இருக்கும். அதே நேரம், புஷ்பவனம் பக்கம் கடல் வாரிக் கொட்டிய சேறு தண்ணீராகத் தெரியாது. கரை நெடுகப் படிந்து படகை இறக்கவிடாமல் செய்த அந்தச் சேறு 'பாதிப்பில்லை' என்ற நிறத்துக்குள் போய்விடும்.

இதற்குத் துல்லிய அட்டவணை போட்டுச் சரிபார்த்திருக்கிறோம் என்று பதில் வரும். சரிபார்ப்பு என்பது பல நேரங்களில் கூகுள் எர்த்தில் நூறு புள்ளி வைத்துப் பார்ப்பதோடு முடிகிறது. ஒரு படத்தை இன்னொரு படத்தோடு ஒப்பிட்டதற்குக் கிடைக்கும் மதிப்பெண் அது; தோப்பில் இறங்கியதற்குக் கிடைத்தது அல்ல. பட்டுக்கோட்டைக்குப் பேருந்து ஏறிப் பத்துத் தோப்புக்காரர்களிடம் பேசியிருந்தால் அந்த அட்டவணையே வேறாக வந்திருக்கும்.

ஒக்கிப் புயலை எடுத்தால் இந்த முறைகள் முற்றாகத் தோற்றுப்போகின்றன. 2017 நவம்பர் 30இல் கன்னியாகுமரியை ஒட்டிக் கடந்த அந்தப் புயல் நிலத்தில் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தது. ரப்பரும் வாழையும் போயின. அவையெல்லாம் படத்தில் வரும். ஆனால் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்க்காரர்கள் இறந்தது கரையிலிருந்து வெகு தொலைவில், நாள்கணக்கில் தங்கி மீன்பிடிக்கும் ஆழ்கடலில். எத்தனை பேர் என்பதிலேயே அரசின் எண்ணும் ஊர்த் தேவாலயப் பங்குகளின் எண்ணும் நெடுநாள் ஒத்துப்போகவில்லை. கரையோரத்தில் ஐந்து கிலோமீட்டர் பட்டை போட்டுப் பாதிப்பை வரையும் திட்டத்தில் இந்த ஊர்கள் பச்சையாகவோ மஞ்சளாகவோ இருக்கும். இந்திய மீனவர் ஒருவருக்குக் கடற்கரைப் பேரிடர் என்பது கரையில் மட்டும் நடப்பதில்லை. எந்தப் படகு எந்தத் திசையில் எத்தனை கடல்மைலில் இருந்தது, எச்சரிக்கை எந்த நேரத்தில் கரைக்கு வந்தது, அது கடலில் இருந்தவரை எட்ட என்ன வழி இருந்தது என்று பங்குத்தந்தையர்களிடமும் படகு உரிமையாளர்களிடமும் கேட்டு வரைந்திருந்தால் அதுவே ஒக்கியின் பாதிப்பு வரைபடம்.

மேலிருந்து வரைவதே பயனற்றது என்று நான் சொல்ல வரவில்லை. 2013 நவம்பர் 8இல் ஹையான் சூறாவளி பிலிப்பைன்சைத் தாக்கியபோது, உலகெங்கும் 1,600க்கு மேற்பட்ட தன்னார்வலர்கள் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தக்லோபான் பகுதியின் தெருக்களையும் கட்டடங்களையும் வரைந்தார்கள். நிவாரணக் குழுக்கள் அந்த அடிப்படை வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்தன. ஊரே வரைபடத்தில் இல்லாத இடத்தில் ஊரை ஏற்றியது உண்மையான உதவி. அதே தன்னார்வலர்கள் எந்த வீடு இடிந்தது, எது தப்பியது என்றும் குறித்தார்கள். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கமும் ரீச் அமைப்பும் பிறகு களத்தில் போய்ச் சரிபார்த்தபோது அந்தக் குறிப்புகள் சரியாகப் பொருந்தவில்லை. முற்றிலும் அழிந்ததாகக் குறித்தவை மிகைப்பட்டிருந்தன. மேலிருந்து கூரை தெரியும். கூரைத் தகடு பறந்த வீட்டின் சுவர் நிற்கிறதா என்பது தெரியாது. எங்கே வீடு இருக்கிறது என்பதற்குப் படம் போதும், வீட்டுக்கு என்ன ஆயிற்று என்பதற்குக் கால் வேண்டும் என்பதே அந்த ஒப்பீடு காட்டியது. பிறகு தொடங்கிய யூத்மேப்பர்ஸ் என்ற மாணவர் வலையமைப்பு பல நாடுகளில் இந்த அடிப்படை வரைதலைக் கல்லூரிகளுக்குள் கொண்டுபோயிற்று. மாணவர் கைக்கு ஏற்ற வேலை அது.

நம் மாணவர்கள் தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஒரு பருவம், நாலைந்து மாதம், பயணச் செலவு சொந்தப் பணம். வருவாய்த் துறையிடம் சேதப் பட்டியல் கேட்டால் எளிதில் கிடைக்காது. உயரத்தைத் துல்லியமாக அளக்கும் கருவி பல கல்லூரிகளில் இல்லை. தேர்வாளரும் மாவட்ட அளவிலான வண்ணப் படத்துக்குத்தான் பழகியிருக்கிறார். ஒரே மீனவக் குப்பத்தை எடுத்தால் 'ஆய்வுப் பகுதி சிறியது' என்று மதிப்பெண்ணைக் குறைக்கிறார். இந்தப் பொறுப்பை மாணவர் தலையில் கட்டுவது அநியாயம். மென்பொருளையும் பட வகைப்பாட்டையும் கற்க இந்தத் திட்டங்கள் நல்ல களம் என்பதையும் மறுக்க மாட்டேன். வேலைக்குப் போகும்போது அந்தக் கைப்பழக்கம் உதவும்.

ஆனாலும் பயிற்சி வேறு, சான்று வேறு. மாவட்டம் முழுக்க நிறம் பூசிய குறியீட்டு வரைபடங்கள் பயிற்சியாகத் தேறுகின்றன, பேரிடர் பாதிப்புக்குச் சான்றாகத் தேறவில்லை. இதுவே என் தீர்ப்பு. பசுமைக் குறியீட்டையும் ரேடார் வெள்ளப் படத்தையும் நான் இவற்றுக்கு ஒரு படி மேலே வைப்பேன். வழக்கமான நீரைக் கழித்து, தோப்பில் இறங்கிச் சரிபார்த்தால் அவை சான்றாகலாம். ஊர்ப் பெயரும் எண்ணும் அச்சிட்டு, நடந்து அளந்த சிறிய வேலைகளுக்கே முதலிடம். அவற்றின் முடிவு தவறாகவே இருந்தாலும்கூட.

இது வெறும் கல்விச் சச்சரவு அல்ல. 2011ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடங்களில் மீனவ கிராமங்களையும் அவர்களின் பொது இடங்களையும் மீன் காயவைக்கும் களங்களையும் புல வரைபட அளவில் குறிக்க வேண்டும் என்றது. வலை விரிக்கும் மணல், படகு ஏற்றும் கரை, ஊர்ப் பொதுவான தரிசு எல்லாம் அரசு வரைபடத்தில் ஏறாமல் விடுபடுவதாக மீனவர்கள் கருத்துக்கேட்புக் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறார்கள். விடுபட்ட இடத்தில் அடுத்து என்ன வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரு குப்பத்தின் பஞ்சாயத்தார், மூத்த பெண்கள், கடலுக்குப் போகும் இளைஞர்கள் ஆகியோரோடு சேர்ந்து, கைபேசி ஜிபிஎஸ் பிடித்து நடந்து, 2004இல் தண்ணீர் நின்ற சுவர்களைக் குறித்து, பொது இடங்களின் எல்லையைக் குறித்து வரைந்த படம் அந்தக் கூட்டத்தில் மேசைமேல் வைக்கக்கூடிய ஆவணம். உப்பளத் தொழிலாளர், கழிமுகத்தில் இறால் தடவும் இருளர் போன்றோர் ஆழிப்பேரலை நிவாரணப் பட்டியல்களில் பல இடங்களில் விடுபட்டார்கள், மீனவர் என்ற கணக்கில் அவர்கள் வராததால். குப்பத்தின் எல்லையோடு படத்தை நிறுத்தாமல் அவர்கள் குடியிருப்பையும் சேர்த்து வரைய வேண்டும்.

இந்தப் பருவத்தில் திட்டத் தலைப்பு கொடுக்கப்போகும் நெறியாளர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். மாவட்டத்தை விட்டுவிட்டு ஒரு குப்பத்தைக் கொடுங்கள். வீடுவாரியான அட்டவணையை, பெயர்களை நீக்கிவிட்டுப் பின்னிணைப்பில் அச்சிடச் சொல்லுங்கள். படத்தைத் தமிழில் ஒரு பெரிய தாளில் எடுத்து ஊர்ப் பொதுக்கட்டடத்தில் ஒட்டி, 'இதில் எது தப்பு?' என்று அந்த ஊரார் சொல்வதைக் கேட்டு எழுதிய பக்கங்கள் இல்லாத அறிக்கைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.